சாந்த்-எமிலியோன் போகிறோம்: முட்டிவலி அம்மா, ஒயின் பிரியை மனைவி, ஒன்றும் தெரியாத நான்

மஞ்சப்பை
பிப்ரவரி 9

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் மனைவிக்கு பிரான்சின் போர்தோ நகரில் ஒரு மாநாடு. அது வெள்ளிக்கிழமை முடிகிறது. அதையே சாக்காக வைத்து நானும் அம்மாவும் ஒட்டிக்கொண்டு போகிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலி. பக்கத்தில் இருக்கும் சாந்த்-எமிலியோன் என்ற பழைய ஒயின் கிராமத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மனைவி.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு 66 வயது. முட்டிவலி, பெல்ட் போட்டுத்தான் நடப்பார். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. "குடிக்கிற ஊருக்கு என்னை எதுக்குடா இழுத்துக்கிட்டுப் போற" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். எனக்கோ பீருக்கும் ஒயினுக்கும் நிறம் மட்டும்தான் வித்தியாசம்.

அரை நாள் போதுமா, இரவு தங்க வேண்டுமா? கார் எடுக்கலாமா? அம்மாவுக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரோன்கரை
பிப்ரவரி 9

நான் புதுச்சேரிக்காரன். போர்தோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கார் வேண்டாம். போர்தோ சான்-ழான் நிலையத்திலிருந்து வட்டார ரயில் இருக்கிறது, நாற்பது நிமிடத்துக்குள் இறக்கிவிடும். ஆனால் நாள் முழுக்க நினைத்த நேரத்துக்கெல்லாம் வண்டி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் வண்டியைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அதைத் தவற விட்டால் 8 கிலோமீட்டர் தள்ளி லிபூர்ன் வரை டாக்ஸி பிடிக்க வேண்டும். அது பெரிய நிலையம்.

சாந்த்-எமிலியோன் நிலையத்தில் இறங்கினால் ஊரே தெரியாது. சுற்றிலும் திராட்சைக் கொடி, நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். ஊர் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். நமக்கு இருபது நிமிட நடை, நல்ல நடை. அம்மாவுக்கு முதல் நாளே டாக்ஸி சொல்லி வைத்துவிடுங்கள். நிலையத்து வாசலில் வண்டி நின்றுகொண்டிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அம்மாவுக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் அது ஒயின் ஊர் என்பதே பாதிதான். அது கல் ஊர். அங்கே ஒரு தேவாலயம் கட்டப்படவில்லை, குடையப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே சுண்ணாம்புப் பாறையை உள்ளே குடைந்துகொண்டே போயிருக்கிறார்கள். நீளம் 38 மீட்டர், உயரம் கிட்டத்தட்ட 12 மீட்டர். நம் பாஷையில் குடைவரைக் கோயில்தான். தலைக்கு மேலே, அதே பாறை மீது பெரிய மணிக்கூண்டு நிற்கிறது. வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே போகலாம், சீட்டு சுற்றுலா அலுவலகத்தில் தருவார்கள். முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நடைவண்டி
பிப்ரவரி 10

முட்டிவலி என்றதும் எனக்குப் பதறுகிறது. சாந்த்-எமிலியோனில் மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு. நடுவில் இருக்கும் சந்துகளை 'தெர்த்ர்' என்பார்கள். உருண்டைக் கற்கள் பதித்த செங்குத்துச் சரிவு, நடுவில் கைப்பிடிக் கம்பி. போன வருடம் லேசான தூறலில் தெர்த்ர் த லா தாந்த் என்ற சந்தில் நான் உட்கார்ந்தபடியே பாதி தூரம் இறங்கினேன். எனக்கு வயது 41.

மாற்று யோசனை: அல்சாஸ் பக்கம் எகிஷைம். கோல்மாருக்குப் பக்கத்தில். வீதிகள் வட்டம் வட்டமாகக் கோட்டையைச் சுற்றிப் போகும், பெரும்பாலும் சமதரை. மரச்சட்டம் தெரியும் வண்ண வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. ரீக்விர் இன்னும் அழகு. அங்கே வெள்ளை ஒயின், ரீஸ்லிங். முதல் முறை குடிப்பவருக்கு அதுதான் சுலபம்.

கரோன்கரை
பிப்ரவரி 10

எகிஷைம் அழகு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போர்தோவில் இருப்பவரை அல்சாஸுக்குப் போகச் சொல்வது திருச்சியில் நிற்பவரைத் திருப்பதி பார்த்துவிட்டு வரச் சொல்வது மாதிரி. நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இருப்பதே இரண்டு நாள்.

தெர்த்ர் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அதில் இறங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, சுற்றுவழிகளில் சரிவு குறைவு. தவிர, மேல் ஊரில் கொலேஜியால் தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி ரயில் கிளம்பும். ரப்பர் சக்கரம் போட்டது, கண்காட்சியில் ஓடுமே அது மாதிரி. அரை மணி நேரம் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டும். பார்க்கக் கேலியாக இருக்கும். முட்டிவலிக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.

இரண்டாம்காபி
பிப்ரவரி 10

ஊரே குடிக்கிறது என்று அம்மா பயப்பட வேண்டாம். கன்னியாஸ்திரிகள் செய்த இனிப்புக்குப் பேர்போன ஊர் அது. 1620இல் உர்சுலின் சபையினர் வந்து தங்கினார்கள், அவர்கள் விட்டுப்போன மாக்கரோன் இன்றைக்கும் கிடைக்கிறது. பாரிஸில் கலர் கலராக நடுவில் கிரீம் வைத்து விற்கிறார்களே, அது இல்லை. இது தட்டையாக, பழுப்பாக, மேலே வெடித்து, சுட்ட தாளோடு ஒட்டியே பெட்டியில் வரும். பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளை. அவ்வளவுதான். கடித்ததும் எனக்கு நம் தூத்துக்குடி மக்ரூன் ஞாபகம் வந்தது. முந்திரிக்குப் பதில் பாதாம், கூடவே கொஞ்சம் சவசவப்பு. அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

ஊர்க்குருவி
பிப்ரவரி 10

முட்டை வெள்ளை என்று நீங்களே எழுதிவிட்டு, முட்டை சாப்பிடாத அம்மாவுக்குப் பிடிக்கும் என்கிறீர்களே காபி சார்.

இரண்டாம்காபி
பிப்ரவரி 10

முதல் காபி குடிக்காமல் எழுதியது. மன்னிக்கவும்.

கரோன்கரை
பிப்ரவரி 11

முட்டைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒயினிலும் முட்டை உண்டு. சிவப்பு ஒயின் பீப்பாயில் இருக்கும்போது கலங்கல் அடங்குவதற்கும் துவர்ப்பு கொஞ்சம் தணிவதற்கும் அடித்த முட்டை வெள்ளையை ஊற்றுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. வெள்ளை துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் பலகாரத்துக்குப் போனதால்தான் போர்தோவின் 'கனலே' என்ற கேக் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. இப்போது எல்லாரும் முட்டை போடுவதில்லை. பட்டாணிப் புரதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எதுவுமே போடாதவர்களும் இருக்கிறார்கள். சைவக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மஞ்சப்பை
பிப்ரவரி 11

அம்மா குடிக்கப் போவதில்லை, அதனால் தப்பித்தேன். சாப்பாடு எப்படி?

ஊர்க்குருவி
பிப்ரவரி 11

அங்கேதான் நான் அடிபட்டேன். பிரான்சில் 'வெஜெத்தாரியன்' என்றால் முட்டை உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், ஆம்லெட்டோடு வந்து நிற்பார்கள். ஒரு கடையில், பெயர் வேண்டாம், சுட்ட ஆட்டுச்சீஸ் சாலட் கேட்டேன். பட்டியலில் கறி என்று ஒரு வார்த்தை இல்லை. இலைகளுக்கு அடியில் பொடிப் பொடியாகப் பன்றிக்கறி. திருப்பிக் கொடுத்தால், "பொறுக்கி எடுத்துவிடட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார் பரிமாறியவர்.

கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி எடுத்துப் போங்கள். நேரமும் முக்கியம். பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் மதியச் சாப்பாடு. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். நான் கடைசியில் ரொட்டி, சீஸ், தக்காளி வாங்கிக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான். ஊறுகாய் பாட்டிலை மறக்காதீர்கள்.

மொட்டைமாடி
பிப்ரவரி 14

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒயினுக்கு இவ்வளவு பில்டப் தேவையா? கிராண்ட் குரூ என்று லேபிளில் போட்டு நாலு மடங்கு விலை வைக்கிறார்கள், நம் ஆட்களும் வாங்கி வந்து அலமாரியில் காட்சிக்கு வைக்கிறார்கள்.

கரோன்கரை
பிப்ரவரி 14

பாதி சரி. அதிலும் ஏமாறுவது அந்த 'கிராண்ட் குரூ'வில்தான். போர்தோவின் இன்னொரு ஒயின் பகுதியான மேதோக் பக்கத்தில் 1855இல் போட்ட தரவரிசையை இன்றும் வைத்திருக்கிறார்கள். அதில் சாந்த்-எமிலியோன் கிடையாது. இவர்கள் தங்களுக்கென்று 1955இல் ஒன்று தொடங்கி, பத்து வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை வைப்பது மாதிரி திருத்துகிறார்கள். 2022 பட்டியலில் 85 தோட்டங்கள். அதில் 14 மட்டும் 'பிரீமியே கிராண்ட் குரூ கிளாசே', மீதி 71 'கிராண்ட் குரூ கிளாசே'. கடைசியில் வரும் 'கிளாசே' என்ற வார்த்தைதான் தரவரிசை. வெறும் 'சாந்த்-எமிலியோன் கிராண்ட் குரூ' என்றால் அது வேறு. கொஞ்சம் கடுமையான விதிகளோடு செய்த ஒயின், நூற்றுக்கணக்கான பேர் போடுகிறார்கள். நல்லதும் இருக்கும், சுமாரும் இருக்கும்.

பரீட்சை வைத்தால் சண்டை வராமல் இருக்குமா? 2006 பட்டியல் நீதிமன்றம் போய் ரத்தானது. 2012இல் புதிதாக ஒன்று போட்டார்கள். 2022 பட்டியல் வருவதற்குள் உச்சியில் இருந்த ஷெவால் பிளாங், ஓசோன் என்ற இரண்டு தோட்டங்களும் எங்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம் என்று விலகிவிட்டார்கள், பின்னால் ஆன்ஜெலூஸும். உச்சத்தில் இருந்த நான்கில் 'பாவி' என்ற தோட்டம் மட்டும் மிச்சம். 2022இல் ஃபிஜாக் அதோடு சேர்ந்தது.

வாங்குவதானால் கொலேஜியால் பக்கத்தில் 'மேசோன் து வான்' என்று ஒயின்காரர்கள் சங்கத்தின் கடை இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள். தெருவில் வாசலில் நின்று கூப்பிடுகிற கடைகளில் பர்ஸைத் திறப்பதற்கு முன் இங்கே ஒரு எட்டுப் போய்விடுங்கள்.

நடைவண்டி
பிப்ரவரி 15

சுவை பார்க்கப் போகும் இடத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். முதல் தடவை நான் அதைப் பூச்சாடி என்று நினைத்தேன். துப்பினால் அவமரியாதை இல்லை, துப்பாவிட்டால்தான் நான்காவது இடத்தில் தள்ளாடுவீர்கள். கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் உச்சவரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2. அதனால் ரயில் என்பதை நானும் வழிமொழிகிறேன்.

தோட்டங்களுக்கு நேரம் வாங்காமல் போகாதீர்கள். செப்டம்பர் கடைசி என்றால் அறுவடை, அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை.

மஞ்சப்பை
மார்ச் 2

ரயில் முடிவாகிவிட்டது. இரவு தங்குவதில்தான் குழப்பம். ஊருக்குள் அறை விலை பார்த்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

கரோன்கரை
மார்ச் 2

சனிக்கிழமை இரவு ஒன்று மட்டும் தங்குங்கள். காரணம் இரண்டு.

ஒன்று, பகலில் அந்த ஊர் உங்களுக்குக் கிடைக்காது. சுமார் இரண்டாயிரம் பேர் இருக்கும் ஊருக்கு வருடத்தில் லட்சக்கணக்கில் கூட்டம். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஊர் மட்டும் இல்லை, இதையும் சேர்த்து எட்டு ஊர்களின் தோட்டங்களோடு. அதிலிருந்து கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேருந்துகள் கிளம்பியதும் கதவு சாத்திய மாதிரி அடங்கிவிடும். அந்த மஞ்சள் கல்லில் கடைசி வெயில் விழும்போது ஊரில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் எத்தனையோ முறை போனவன், இன்றும் அதற்காகவே கடைசி ரயில் வரை இருப்பேன்.

இரண்டு, நீங்கள் போகும் ஞாயிறு செப்டம்பர் மூன்றாம் ஞாயிறா என்று காலண்டரைப் பாருங்கள். அன்றைக்கு அறுவடைப் பிரகடனம். 1199இல் இங்கிலாந்து அரசர் ஜான், அப்போது இந்தப் பகுதியெல்லாம் அவர் கையில், ஊரை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள் என்று பட்டயம் கொடுத்தார். அப்படி வந்த சபைக்கு ஜூராத் என்று பெயர். ஒயின் தரமில்லை என்றால் அழிக்கும் அதிகாரம்கூட அவர்களுக்கு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியோடு போன சபையை 1948இல் ஒயின்காரர்கள் மறுபடி கூட்டினார்கள். இப்போது அது சடங்குதான். சிவப்பு அங்கி, தொப்பியோடு ஊர்வலம் வந்து, 'அரசர் கோபுரம்' என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தில் ஏறி நின்று, இனி அறுக்கலாம் என்று ஊருக்குச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அந்தக் குரல் வராமல் ஒரு குலை பறித்தாலும் தண்டனை.

மஞ்சப்பை
மார்ச் 3

பார்த்தேன். மூன்றாம் ஞாயிறேதான். அம்மாவிடம் "திருவிழாம்மா" என்றேன். "தேர் உண்டா?" என்றார். ஊர்வலம் உண்டு என்றேன். சரி என்றுவிட்டார்.

ஊர்க்குருவி
மார்ச் 3

விசா மறக்க வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அம்மா பெயரிலும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுதான் வரியில்லாமல் கொண்டு வரலாம். பாட்டில்கள் பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மஞ்சப்பை
அக்டோபர் 5

போய் வந்தாயிற்று. சொன்னபடி எழுதுகிறேன்.

நிலையத்தில் கரோன்கரை அண்ணன் சொன்னது அப்படியே. நாங்கள், நான்கைந்து பேர், திராட்சை. டாக்ஸி சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தோம். கொடிகள் இடுப்பளவுதான் உயரம். பந்தல் கட்டி விட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு ஏமாற்றம். "கம்பம் பக்கம் எவ்வளவு அழகா பந்தல் போடுவாங்க" என்றார். ஆனால் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ரோஜாச் செடி இருந்ததைக் கவனித்தது அவர்தான். கொடியைத் தாக்கும் பூஞ்சை ரோஜாவில் முதலில் தெரியும் என்று அந்தக் காலத்தில் நட்டார்களாம், இப்போது அழகுக்கு என்று ஓட்டுநர் சொன்னார்.

குடைவரைத் தேவாலயம். முதலில் எமிலியோன் இருந்த குகை. அவர் 8ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் பக்கத்திலிருந்து வந்த துறவி. அவர் பெயர்தான் ஊருக்கு. உள்ளே ஒரு கல் இருக்கை. பிள்ளை வேண்டும் பெண்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் நடக்கும் என்று நம்பிக்கையாம். வழிகாட்டி இதை ஆங்கிலத்தில் சொன்னார், நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. அம்மா என் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

பிறகு தேவாலயம். வெளியே நல்ல வெயில், உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி குளிர். சால்வை எடுத்துப் போங்கள். பிரமாண்டமான தூண்கள், ஆனால் சுவரெல்லாம் மொட்டை. புரட்சிக் காலத்தில் வெடியுப்புக்காகச் சுரண்டியதில் ஓவியங்கள் போய்விட்டனவாம். நடுத் தூண்கள் சிலவற்றைச் சுற்றி இரும்புப் பட்டைகள் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் மணிக்கூண்டின் பாரம் ஆயிரக்கணக்கான டன். பாறையில் நீர் இறங்கி இறங்கிக் கல் தளர்ந்துவிட்டது. அதைத் தாங்கத்தான் பட்டை. அம்மா ஒரு தூணின் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சேலையை லேசாக ஒதுக்கித் தன் முட்டி பெல்ட்டைக் காட்டி, "இதுக்கும் போட்டிருக்காங்க பாரு" என்றார். வழிகாட்டிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அவரே சிரித்துவிட்டார்.

வெட்டி எடுத்த கல்லெல்லாம் போர்தோவில் வீடுகளாக நிற்கிறது, ஊருக்கு அடியில் உள்ள பழைய சுரங்கங்களில் ஒயின் தூங்குகிறது. மனைவி ஒரு சின்னத் தோட்டத்தில் நேரம் வாங்கியிருந்தார். நிலவறைக்குப் படி அதிகம். அம்மா மேலே அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்துவிட்டார். பொதுமொழி கிடையாது. நாங்கள் ஏறி வந்தபோது இருவரும் முட்டியைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே பெரும்பாலும் மெர்லோ என்ற திராட்சை வகை, கூடவே கபர்னே ஃப்ரான் என்ற இன்னொன்று. 1956 பிப்ரவரியில் அடித்த பனியில் கொடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, மறுபடி நட்டபோது மெர்லோ இன்னும் அதிகமானதாம். மூன்று கோப்பை சுவைத்தேன். முதலாவது துவர்ப்பு. இரண்டாவதும் துவர்ப்பு. மூன்றாவதில் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஏதோ ஒன்று வந்தது, சொன்னேன். தோட்டக்காரருக்கு நாவல்பழம் தெரியவில்லை. படம் காட்டினேன்.

ஞாயிறு ஊர்வலம் அம்மாவுக்குப் பிடித்தது, சிவப்பு அங்கி நிறையவே பிடித்தது. தேர் இல்லை என்ற குறை மட்டும். குட்டி ரயிலில் இரண்டு தடவை போனார். கட்டண விஷயத்தில் ஒரு கடையில் சின்னத் தகராறு, அதை விடுங்கள். மாக்கரோன் பெட்டி ஒன்று வாங்கினேன், அம்மா தொடவில்லை. காபி சார், உங்களுக்காக நான்கு கூடச் சாப்பிட்டேன்.

இரண்டு பாட்டில் கொண்டு வந்திருக்கிறோம். ஒன்று எட்டு வருடம் வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது.

கரோன்கரை
அக்டோபர் 5

சென்னையில் பீரோவுக்குள்ளா? எட்டு வருடம் எதற்கு, அடுத்த மே மாதமே வினிகர் மாதிரி ஆகிவிடும். இன்றைக்கே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள்.

மஞ்சப்பை
அக்டோபர் 6

கேட்டேன். அது இட்லி மாவு வைக்கும் இடமாம்.